மல்பெரித் தோட்டத்தில் ஆப்பிரிக்க நத்தையும் செம்போத்தும்: ராயக்கோட்டைப் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராயக்கோட்டைக்கும் தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோட்டுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், மல்பெரியும் பந்தல் காய்கறியும் பயிரிடும் ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை பெருகியதையும், அங்கிருந்த பறவைகள், குறிப்பாகச் செம்போத்து என்ற குயிலினப் பறவை, அதை இரையாக எடுத்துக்கொண்ட விதத்தையும், அதையொட்டித் தோட்டக்காரர்கள் எடுத்த முடிவுகளையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பறவைகள் இந்த நத்தையைத் தின்கின்றன என்று காட்டுவது எளிது. எந்த அளவுள்ள நத்தையை, எந்தப் பருவத்தில், தோட்டத்தின் எந்த மூலையில் தின்கின்றன என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் அந்த உதவி எதுவரை வரும் என்பது தெரிகிறது. உழவருக்குத் தேவையானது அந்தக் கணக்கே என்பதால் இங்கே அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி அவர்களுடைய பெயரும் ஊரின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

தோட்டமும் நத்தையும்

கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த நத்தையின் அறிவியல் பெயர் லிசாசாட்டினா ஃபுலிகா. 1847இல் மொரீஷியசிலிருந்து வில்லியம் பென்சன் என்பவர் கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டதிலிருந்து இந்தியாவில் இதன் வரலாறு தொடங்குகிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், இணை சேர்ந்த இரண்டுமே முட்டையிடக்கூடும். ஓர் ஈட்டுக்கு நூறு, இருநூறு, சிலவேளை அதற்கும் மேலாக, வெளிர்மஞ்சள் நிற முட்டைகளை ஈர மண்ணுக்குள் இட்டு மூடிவிடும். ஆண்டுக்குப் பல ஈடுகள் இடும். குஞ்சு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் அளவில் வெளிவந்து, ஆறு மாதத்துக்குள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். முழுதாக வளர்ந்ததன் ஓடு பொதுவாக 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நல்ல சூழலில் 20 சென்டிமீட்டரையும் தொடக்கூடும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயைச் சுண்ணாம்புப் படலத்தால் அடைத்துக்கொண்டு, கல்லிடுக்கிலோ மரப்பட்டையிலோ பல மாதங்கள் அசையாமல் கிடந்து, முதல் மழையில் எழுந்து வரும்.

வறண்ட மேட்டு நிலமாக இருந்தவரை இந்தத் தோட்டம் அப்படிப்பட்ட நத்தைக்கு ஏற்ற இடமாக இருந்திருக்காது. சொட்டுநீர்ப் பாசனமும், செடியடியில் தழை பரப்பும் மூடாக்கும் வந்த பிறகு நிலை மாறியது. நீரைச் சேமிக்கவும் மண்ணைக் காக்கவும் செய்த நல்ல வேளாண் மாற்றமே, மார்ச், ஏப்ரல் வெயிலிலும் செடியடியில் ஈரத்தைத் தக்கவைத்து, நத்தைக்குக் கோடைத் தூக்கத்தின் தேவையைக் குறைத்துவிட்டது. இதற்காக மூடாக்கைக் குறைசொல்வது சரியாகாது. மூடாக்கு உள்ள நிலத்தில் நத்தையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறவேண்டிய பாடம். நாற்றுப் பண்ணையிலிருந்து மண்ணோடு வாங்கிவந்த பப்பாளிக் கன்றுப் பைகளில்தான் முட்டையோ குஞ்சுகளோ வந்திருக்க வேண்டும் என்று குடும்பத்தார் கருதுகிறார்கள். கன்றுகள் முதலில் இறக்கி வைக்கப்பட்ட கிணற்றடியிலேயே நத்தைகளும் முதலில் தென்பட்டதால் அவர்கள் ஊகத்தை ஏற்கலாம்.

சேதத்தை முதலில் உணர்ந்தது பட்டுப்புழு வளர்ப்பு மனையில். காலையில் வெட்டி வந்த மல்பெரிக் கொம்புகளில் இலை ஓரங்கள் அரிக்கப்பட்டிருந்ததோடு, மிச்ச இலைகளின் மேல் நத்தையின் கோழையும் எச்சமும் காய்ந்து பளபளத்தன. அத்தகைய இலையைப் புழுவுக்குப் போட முடியாது. பிறகு பீர்க்கன், பாகல் நாற்றுகள் முளைத்த சில நாட்களிலேயே தண்டோடு காணாமல் போயின. மற்ற பயிர் என்றால் ஏதாவதொரு மருந்தைத் தெளித்துப் பார்க்கலாம். மல்பெரியில் அந்த வழியும் அடைபட்டிருந்தது. கேரளத்தில் இந்த நத்தைக்கு எதிராகப் பரவலாகப் பயன்படும் புகையிலைச் சாறும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) கலந்த கரைசலை இலையில் தெளித்தால், அதை உண்ணும் பட்டுப்புழு புகையிலையின் நிகோட்டின் நஞ்சாலேயே மடிந்துவிடும். ஆகவே மருந்து தெளிக்க இயலாத நிலையில்தான் இக்குடும்பத்தின் கவனம் பறவைகளின் பக்கம் திரும்பியது.

ஓடுகளைப் படித்த விதம்

உடைந்த ஓடுகள் வேலியோரத்தில் கிடப்பதை முதலில் கவனித்தவர் அந்த வீட்டின் மூத்த பெண்மணி. தோட்டத்தின் மேற்கு எல்லையில் கிளுவையும் உண்ணிச்செடியும் கள்ளியும் பின்னிக்கிடக்கும் பழைய உயிர்வேலி ஒன்று உண்டு. அதன் அடியில், தட்டைக் கற்கள் சில கிடக்கும் இடத்தைச் சுற்றி, ஓடுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி உடைந்து கிடந்தன. "செம்போத்துதான் சார் ஒடைக்குது, கோழி இல்ல" என்று அவர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரியாக இருந்தது. ஆனால் தோட்டத்தில் கிடந்த எல்லா ஓடுகளையும் செம்போத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதால், ஓடுகளைப் பொறுக்கிப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் முதன்மை வேலையாயிற்று.

நத்தையை உண்பவை பல. அவை விட்டுச்செல்லும் அடையாளமும் வேறுவேறு. எலியும் பெருச்சாளியும் ஓட்டின் விளிம்பிலிருந்து பற்களால் கொறித்துக்கொண்டே உள்ளே போவதால், உடைப்பின் ஓரம் ரம்பம்போல் சிறுசிறு பல்தடங்களோடு இருக்கும். பறவையின் உடைப்பில் அந்தத் தடம் இருக்காது. ஓட்டின் பெரிய கடைசிச் சுற்றில் ஒரு பக்கம் துளைபட்டோ நொறுங்கியோ இருக்கும், துண்டுகளும் அருகிலேயே கிடக்கும். மின்மினிப் பூச்சியின் புழுக்கள் நத்தையைக் கடித்துச் செயலிழக்கச் செய்து உள்ளிருந்தே தின்றுவிடுவதால், ஓடு ஒரு கீறலும் இல்லாமல் வெறுமையாக எஞ்சும். நோயாலோ வெயிலாலோ தானாகச் செத்த நத்தையின் ஓட்டை எறும்புகள் சுத்தம் செய்துவிட்டாலும் அப்படியேதான் இருக்கும். ஆகவே முழுமையான வெற்று ஓட்டைக் கண்டு எந்தப் பறவையையும் சான்றுக்கு அழைக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்ததாலேயே, தொடக்கத்தில் பறவைகள் தின்றவை என்று ஒதுக்கி வைத்திருந்த குவியலில் பெரும்பகுதி சான்றிலிருந்து நீங்கியது. பெரிய ஓடுகள் ஏறத்தாழ எல்லாமே நீங்கியவற்றில்தான் இருந்தன.

எஞ்சியவற்றில் ஒரு ஒழுங்கு தெளிவாகத் தெரிந்தது. பறவை உடைத்தவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓடுகள் கட்டைவிரல் நீளத்துக்கு உட்பட்டவையாக இருந்தன. அதற்கு மேற்பட்ட, கையில் எடுத்தால் கனம் தெரிகிற, தடித்த ஓடுள்ள முட்டையிடும் நத்தைகளில் பறவையின் உடைப்பு மிக அரிதாகவே கிடைத்தது. அப்படிக் கிடைத்தவற்றிலும் சில, வண்டிச்சக்கரம் ஏறி முன்பே நொறுங்கியவையாகத் தோன்றின. நீர்த்தொட்டியின் ஓரத்திலும் பந்தல் கால்களின் அடியிலும் இருந்த மிகச்சிறு குஞ்சுகளின் ஓடு இந்தக் கணக்கிலேயே வராது. பறவைகள் அவற்றை ஓட்டோடு விழுங்கிவிடுகின்றன.

பறவைகள் தின்றதைக் கண்ணால் கண்ட பதிவுகளும் இதனோடு பொருந்தின. மழை நின்ற காலைகளில் மயில்கள் மல்பெரி வரிசைகளுக்கிடையே நடந்து மூடாக்கைக் கிளறிப் பொடி நத்தைகளைப் பொறுக்கின. விதைத்த நிலத்தைக் கிளறிப் பாழாக்குவதாக மயில்மீது இந்தப் பகுதியில் உள்ள கோபம் நியாயமானதே. அதே மயில் வளர்ந்த மல்பெரிக்குள் நுழையும்போது செய்யும் வேலை வேறாக இருக்கிறது. வாய்க்காலை ஒட்டி வெண்மார்புக் கானாங்கோழியும், குப்பைமேட்டில் காக்கையும், வீட்டுக் கோழிகளும் குஞ்சு நத்தைகளைத் தின்றன. ஓட்டை உடைத்து நடுத்தர நத்தையைத் தின்றதைத் திரும்பத் திரும்பக் கண்டது செம்போத்திடம் மட்டுமே. அது நத்தையை வாயில் பற்றிக்கொண்டு வேலியின் நிழலுக்கு நடந்துபோய், தரையில் போட்டு அலகால் பலமுறை கொத்தியும், கல்லோடு சேர்த்து அடித்தும், ஓட்டின் பெரிய சுற்றைப் பிளந்து சதையை இழுத்தது. பெரிய நத்தை ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுச்சென்றதும் உண்டு.

செம்போத்து ஏன் பெருகாது

செம்போத்துக்கு நத்தை புது உணவு இல்லை. தமிழ்நாட்டில் அதன் உணவைப் பற்றி நடந்த ஆய்வு ஒன்றில், ஹெலிக்ஸ் விட்டாட்டா என்று பழைய பெயரால் குறிக்கப்படும் உள்நாட்டு நத்தையே அதன் இரையில் முதன்மை இடம் பெற்றிருந்தது. நம் சமவெளிகளில் காணும் கிரிப்டோசோனா போன்ற நாட்டு நிலநத்தைகள் அளவில் சிறியவை, ஓடும் மெல்லியவை. அவற்றை உடைத்துத் தின்று பழகிய பறவைக்கு, அதே அளவில் இருக்கும் ஆப்பிரிக்க நத்தையின் இளம்பருவம் பழகிய உணவாகவே தெரியும். வளர்ந்த நத்தை அந்தப் பழக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது. வந்தேறி உயிரை உள்ளூர்ப் பறவை 'கற்றுக்கொண்டது' என்று வியப்பவர்கள் இதைக் கருத வேண்டும். இந்தத் தோட்டத்தில் செம்போத்து புதிதாக எதையும் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை. தனக்குத் தெரிந்த அளவு வரையில் தின்று, அதற்கு மேல் நிறுத்திக்கொண்டது.

இதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. செம்போத்து இணையாக வாழ்ந்து தன் எல்லையைக் காக்கும் பறவை. தென்னிந்தியாவில் ஓர் இணையின் எல்லை சுமார் 0.9 முதல் 7.2 ஹெக்டேர் வரை இருப்பதாகப் பதிவுகள் உள்ளன. சராசரியாக நான்கு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒன்பது ஏக்கருக்கும் மேல். இந்தக் குடும்பத்தின் நிலம் முழுவதும் ஓர் இணையின் எல்லைக்குள் அடங்கிவிடும். நத்தை பத்து மடங்கு பெருகினாலும் அங்கே பத்து இணை செம்போத்து வந்து சேராது. இருக்கும் இணையே மற்றவற்றை விரட்டிவிடும். ஒரு பறவை ஒரு நாளில் தின்னக்கூடிய அளவுக்கும் உச்சவரம்பு உண்டு. எனவே நத்தை குறைவாக இருக்கும் காலத்தில் செம்போத்தின் உணவு அந்தக் கூட்டத்தில் கணிசமான பங்காகவும், நத்தை பெருகிவிட்ட காலத்தில் அதே உணவு அற்பமான பங்காகவும் ஆகிவிடுகிறது. வெடித்துப் பெருகிய பிறகு பறவையை நம்புவது பயனற்றது. பெருகுவதற்கு முன்போ, மனிதர் பொறுக்கிக் குறைத்த பின்போ பறவையின் பங்கு பெரிதாகத் தெரியும். இந்த ஆய்வில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது இதுவே.

நேரமும் நத்தைக்குச் சாதகமாகவே உள்ளது. அது பெரும்பாலும் இரவில் மேய்கிறது. செம்போத்து பகலில் வேட்டையாடுகிறது. இரண்டும் சந்திப்பது விடியலிலும், மழை மூட்டமான பகலிலும், பகலில் நத்தை ஒதுங்கும் வேலியடியிலும்தான். ஆயினும் பருவம் ஓரளவு பறவையின் பக்கம் நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் செம்போத்து கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கிறது. கோடை மழையில் பொரித்த இளம் நத்தைகள் உடைக்கத் தோதான அளவை எட்டுவதும் அதே காலத்தில்தான். அந்த மாதங்களில் வேலியடியில் உடைந்த ஓடுகள் கூடுதலாகச் சேர்ந்தன. முட்டையிடும் பறவைக்கு ஓட்டின் சுண்ணாம்புச் சத்தும் தேவை. நெதர்லாந்தில் அமில மழையால் மண்ணின் சுண்ணாம்பு குறைந்து நத்தைகள் அருகிய காடுகளில், சிட்டு வகைப் பறவைகளின் முட்டை ஓடுகள் மெலிந்து உடைந்ததை 1990களில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பறவைக்கு நத்தை சதையாக மட்டும் பயன்படுவதில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

நாரையைப் பற்றிய எதிர்பார்ப்பு

'நத்தை குத்தி நாரைகள் இங்கே வந்தால் ஒரே வாரத்தில் தீர்த்துவிடுமே' என்று அக்கம்பக்கத்து உழவர்கள் பலர் கேட்டார்கள். ஏரிக்குக் கீழுள்ள நெல் வயல்களில் அந்த நாரைகள் இறங்குவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கேள்வியில் பொருள் உண்டு, ஏனெனில் உலகில் வந்தேறி நத்தையைப் பறவைகள் பெரிய அளவில் உண்டதற்குத் தரப்படும் சிறந்த எடுத்துக்காட்டே இந்த நாரைதான். தென்னமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களில் பெருங்கேடாகப் பரவியது. தாய்லாந்தில் நத்தை குத்தி நாரைகள் அதையே முக்கிய உணவாக்கிக்கொண்டு எண்ணிக்கையில் பெருகின. முன்பு அவை காணப்படாத தென்சீனத்தின் யுன்னான் பகுதியில் 2006இல் முதன்முதலாகப் பதிவாயின. அங்கே நாரை பெருக முடிந்ததற்குக் காரணம், அது கூட்டமாக இரைதேடி, கூட்டமாகக் கூடுகட்டி, உணவு மிகுந்த இடத்துக்கு நெடுந்தொலைவு பறந்து சேரும் பறவை என்பதுதான். செம்போத்திடம் இல்லாத குணம் அது.

ஆனால் அந்த நாரையின் அலகு நீர்நத்தைக்கென அமைந்தது. மூடிய அலகுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியை வைத்து நத்தையை நெரித்து உடைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் ஓட்டை உடைப்பதே இல்லை. மேல் அலகால் ஓட்டை அழுத்திப் பிடித்து, சற்று வலப்புறம் திருகிய கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாய்மூடிக்கு அடியில் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து முழுதாக உருவிவிடுகிறது. இந்த வேலை பெரும்பாலும் நீருக்கடியிலேயே முடிந்துவிடும். ஏரிக்குக் கீழுள்ள வயல்களில் நாரைகள் விட்டுச்சென்றவை எல்லாம் நம் நாட்டு ஆப்பிள் நத்தையான பைலாவின் ஓடுகளே. மேட்டு நிலத்து மல்பெரிக்குள் நாரை இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. ஆப்பிரிக்க நத்தை நிலத்தில் வாழ்வது, அதற்கு நிலையான வாய்மூடி கிடையாது, அது திரிவது இரவில், அடர்ந்த செடிக்குக் கீழே. திறந்த சேற்றில் நடந்து இரைதேடும் நாரைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. தாய்லாந்தின் வெற்றியை இங்கே எதிர்பார்ப்பது, பறவையையும் நத்தையையும் ஒருசேரத் தவறாக அடையாளம் காண்பதாகும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து வரும் சான்று இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அங்குள்ள நத்தைப் பருந்து ஏறத்தாழ ஆப்பிள் நத்தைகளை மட்டுமே நம்பி வாழ்வது. 2000களில் உள்ளூர் நத்தையைவிடப் பன்மடங்கு பருத்த அயல் ஆப்பிள் நத்தை பரவியபோது, இளம் பருந்துகள் அதைக் கையாள முடியாமல் நழுவவிட்டன. அந்தப் பருந்தினம் அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஆனால் பத்தாண்டுக்குள், பெரிய அலகுள்ள குஞ்சுகள் கூடுதலாகத் தப்பிப் பிழைத்து, பருந்துகளின் சராசரி அலகும் உடலும் பெரிதானதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு உணவு இல்லாத பறவைமீது அவ்வளவு கடுமையான நெருக்கடி விழுந்தது. ஓணானும் வெட்டுக்கிளியும் பாம்புக்குட்டியும் முட்டையும் பழமும் தின்னக்கூடிய செம்போத்துக்குப் பெரிய நத்தையை உடைத்தே தீரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ராயக்கோட்டைப் பக்கத்துச் செம்போத்தின் அலகு வலுத்து வரும் என்று காத்திருப்பதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது.

பக்கத்து நிலத்தில் வைத்த மருந்து

மழைக்காலத்தின் நடுவில், வேலிக்கு அப்பாலுள்ள தக்காளி நிலத்தில் மெட்டால்டிஹைடு குருணை வைக்கப்பட்டது. நத்தையின் கோழை சுரக்கும் திசுவை அழித்து அதை வற்றிப்போகச் செய்யும் இந்த மருந்து, வறண்ட வானிலையில் நன்றாக வேலை செய்யும். மருந்துண்ட நத்தை மழையில் நனைந்தால் பல மீண்டு எழுந்துவிடும். அங்கேயும் முதல் இரவில் ஏராளமான நத்தைகள் நுரைகக்கிக் கிடந்தன, அடுத்த மழைக்குப் பின் அவற்றில் ஒரு பகுதி ஊர்ந்து போய்விட்டது. இதற்கிடையில் குருணையை முகர்ந்து தின்ற காவல் நாய் ஒன்று வலிப்பு வந்து துடித்து, மருத்துவரிடம் கொண்டு போனதால் பிழைத்தது. நாய்களுக்கு இந்த மருந்து கொடிய நஞ்சு என்பது கால்நடை மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்ததே. பறவைகளுக்கும் சிறு பாலூட்டிகளுக்கும் நேரும் ஆபத்தைக் காரணம் காட்டி, பிரிட்டன் 2022 மார்ச் 31 முதல் திறந்தவெளியில் இதன் பயன்பாட்டையே தடைசெய்துவிட்டது.

மருந்து வைத்த நாட்களில் செம்போத்து இணை இந்தக் குடும்பத்தின் வேலியில்தான் இருந்தது. குஞ்சுகளும் இருந்தன. மெதுவாக ஊர்கிற, கோழை கக்கித் தளர்ந்துபோன நத்தை, பிடிப்பதற்கு மற்ற நாட்களைவிட எளிதான இரை என்பதுதான் இதில் மிகவும் கவலைதரும் செய்தி. நஞ்சுண்ட நத்தையைப் பறவை தின்பதற்கான வாய்ப்பை மருந்தே கூட்டிவிடுகிறது. நிலத்துக்காரரிடம் குடும்பத்தார் நாயின் நிலையைச் சொல்லி, செத்த நத்தைகளைப் பறவை எடுக்குமுன் பொறுக்கிப் புதைக்கக் கேட்டுக்கொண்டார்கள். அவரும் மறுக்காமல் செய்தார், மேற்கொண்டு மருந்தும் வைக்கவில்லை. செம்போத்துகள் தப்பின. அடுத்த முறையும் அவ்வாறே ஆகும் என்று யாரும் பொறுப்பேற்க முடியாது.

வேலியை வெட்டுவதா

நத்தை பகலில் ஒதுங்குவது உயிர்வேலியின் அடியில். ஆகவே வேலியைத் தீயிட்டு அழித்துவிட்டுக் கம்பி வேலி போட்டுவிடலாம் என்பது வீட்டின் இளையவரின் கருத்து. அதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. நத்தைக்கு நிழலும் ஈரமும் தருவது அந்த வேலிதான். செம்போத்துக்குக் கூடும் மறைவும் தருவதும் அதே வேலிதான். நன்றாகப் பறக்க இயலாத, புதருக்குள் நடந்தும் தாவியுமே திரியும் அந்தப் பறவை, புதரில்லாத நிலத்தில் தங்காது. வேலி போனால் நத்தை மூடாக்குக்கும் பந்தல் காலடிக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடம் மாறிக்கொள்ளும். செம்போத்துக்கு மாற்றிடம் கிடைக்காது. இழப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்காது என்பதை எடுத்துச் சொன்னபோது, அவர் உடனே ஒப்பவில்லை. எங்கே எவ்வளவு நத்தை ஒதுங்குகிறது என்று ஒரு காலையில் எல்லோரும் சேர்ந்து தேடிப் பார்த்த பிறகுதான் பேச்சு முடிந்தது.

பெரிய, முட்டையிடும் நத்தைகளில் பெரும்பாலானவை வேலியடியில் இல்லை. கிணற்றடியில் குவித்திருந்த உடைந்த செங்கல், பயன்படாத சிமென்ட் தூண்கள், அடுக்கி வைத்த பழைய சாக்குகள், மக்கும் நிலையிலிருந்த வாழைத்தண்டுக் குவியல் ஆகியவற்றுக்கு அடியில் அவை ஒட்டிக்கிடந்தன. மண்ணைக் கிளறியபோது முட்டைக் குவியல்களும் அங்கேயே கிடைத்தன. செம்போத்து அந்த இடங்களுக்குள் நுழைவதில்லை, நுழையவும் முடியாது. வேலியில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி இளம் நத்தைகள், அதாவது பறவையின் அளவுக்கு உட்பட்டவை. "சின்னத அது பாத்துக்குது சார், பெருச நாமதான் பொறுக்கணும்" என்று மூத்த பெண்மணி சொன்னது, நான் எழுதிவைத்திருந்த பக்கங்களைவிடத் தெளிவாக வேலையைப் பங்கிட்டுக் காட்டியது.

அதன்படி செங்கல்லும் தூண்களும் அகற்றப்பட்டன, வாழைத்தண்டுகள் நறுக்கி வெயிலில் பரப்பப்பட்டன, முட்டைக் குவியல்கள் தோண்டியெடுத்து நசுக்கப்பட்டன. மாலையில் நனைத்த கோணிச்சாக்குகளைப் பரப்பி, அவற்றின்மேல் அழுகிய பப்பாளித் துண்டும் முட்டைக்கோசு இலையும் வைத்து, இரவில் கூடும் நத்தைகளைக் கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசல் வாளியில் போட்டுக் கொன்று, பறவையும் நாயும் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். உப்பை நிலத்தில் நேராகத் தூவ வேண்டாம் என்று முதலிலேயே முடிவாயிற்று, ஏனெனில் நத்தையோடு மண்ணும் கெடும். கையுறையைப் பற்றிக் கண்டிப்பாக இருந்ததற்கும் காரணம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் என்ற புழுவின் இளநிலை இந்த நத்தைக்குள் வளர்கிறது. நத்தையைத் தொட்ட கையோடு உண்பதாலோ, சரியாகக் கழுவாத கீரை வழியாகவோ மனிதருக்குள் சென்றால் மூளையுறை அழற்சி உண்டாகும். ஆஸ்திரேலியாவில் தவளைவாயன் பறவைகளே இந்தப் புழுவால் நரம்பு நோய்க்கு ஆளாகியிருக்கின்றன. தோட்டத்தில் சிறுவர்கள் ஓடுகளை விளையாட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருந்த வழக்கம் அன்றோடு நிறுத்தப்பட்டது.

கையால் பொறுக்குவது காலத்துக்கு ஒவ்வாத முறை என்று எண்ணுபவர்களுக்கு ஃபுளோரிடாவின் மற்றொரு வரலாறு உதவும். 1966இல் ஒரு சிறுவன் மயாமிக்குக் கொண்டுவந்த மூன்று ஆப்பிரிக்க நத்தைகளிலிருந்து ஏழாண்டுகளில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் பிடிபட்டன. கையால் பொறுக்குவதையும் மருந்தையும் சேர்த்து இடைவிடாமல் செய்ததால் 1975இல் அவை முற்றாக ஒழிக்கப்பட்டன. இதற்கு மாறாக, இந்த நத்தையைத் தின்ன வைப்பதற்கென்று வேறோர் உயிரை வெளியிலிருந்து கொண்டுவந்த இடங்களில் நேர்ந்தது பேரிழப்பு. பசிபிக் தீவுகளில் அதற்காக விடப்பட்ட ஊன்தின்னி நத்தை, ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, மூரியா முதலிய தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா மரநத்தை இனங்களைத் தின்று தீர்த்தது. தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் செம்போத்தைக் காப்பதற்கும், புதிதாக ஓர் இரைகொல்லியைத் தேடிப்போவதற்கும் உள்ள தொலைவை இந்த நிகழ்வு காட்டுகிறது.

இப்போதைய நிலை

அடுத்த மழைப் பருவத்தில் நத்தைகள் அறவே இல்லாமல் போகவில்லை. ஆனால் பீர்க்கன் நாற்றுகள் பந்தலேறின. கோழை படிந்த மல்பெரி இலைகளைக் கழிக்கும் வேலை மிகவும் குறைந்தது. பெரிய நத்தைகள் நனைத்த சாக்குகளின் அடியில் அரிதாகவே கிடைத்தன. வேலியடியில் உடைந்த ஓடுகள் முந்தைய பருவத்தைப் போலவே சேர்ந்துகொண்டிருந்ததால், மொத்த நத்தைகள் குறைந்த நிலையில் பறவைகளின் பங்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். இந்த முடிவை ஒரு தோட்டத்தின் இரண்டு பருவங்களிலிருந்து பெறுகிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாந்தோப்பும் ரோஜாப் பசுமைக்குடிலும் உள்ள பர்கூர், ஓசூர்ப் பக்கங்களில் பறவைகளின் கூட்டமும் மறைவிடங்களும் வேறாக இருக்கும் என்பதால் அங்கே தனியாகவே ஓடுகளைப் பொறுக்கிப் பார்க்க வேண்டும்.

வேலைக்கான காலம் இப்போது இப்படி ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. ஏப்ரல், மே மாதக் கோடை மழை முதன்முதலில் மண்ணை நனைத்த இரவுகளில், தூக்கத்திலிருந்து எழுந்த பெரிய நத்தைகள் முட்டையிடுமுன்பே இரு நிலத்தாரும் சேர்ந்து பொறுக்குகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் முடிய வேலியில் கத்தி வைப்பதில்லை, அதன் அடியில் மருந்தும் வைப்பதில்லை. குஞ்சுகள் வேலியை விட்டு வெளியேறியதைப் பார்த்த பிறகு, நிலத்தை நோக்கி வளர்ந்த கிளைகள் மட்டும் கழிக்கப்படுகின்றன. நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் பைகள் கிணற்றடிக்குப் போவதற்கு முன், வாசலில் சிமென்ட் தரையில் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, மண்ணின் மேற்பரப்பும் பையின் அடிப்பக்கமும் பார்க்கப்படுகின்றன.